நூறடிச் சங்கிலி

லத்தா தெருவின் அகலம் 100 அடி. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1960-ல், எனக்கு எட்டு வயது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தா ஓர் இரும்புச் சங்கிலியின் ஒரு முனையை என் கையிலும் மறுமுனையை மச்சான் கையிலும் கொடுத்து, "இந்தச் சுவத்துலேருந்து அந்தச் சுவரு வரைக்கும் புடிங்கடா" என்றார். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் திட்டிக்கொண்டே மணியடித்தார்கள். சீனக் கடைக்காரர் ஒருவர் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். சங்கிலி விறைத்து நின்றது. எதிர்ச் சுவரை அது தொட்ட பிறகும் இரண்டு வளையம் மிஞ்சியது.

"நூறு வரணுமே. ரெண்டடி எங்க போச்சு?" என்று தாத்தா கேட்டார். பதிலை அவர் சொல்லவில்லை. அன்று முழுக்க அதையே தேடினோம். கடைசியில் மச்சான்தான் கண்டுபிடித்தான். பழைய சுவருக்கு முன்னால் யாரோ புதிதாக ஒரு திண்டு கட்டி, அதற்குப் பூச்சும் பூசியிருந்தார்கள். நாங்கள் சங்கிலியை வைத்தது திண்டின் முகத்தில்.

தாத்தா ரங்கூன் நகராட்சியில் செயின்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். 1942-ல் குண்டு விழுந்தபோது அரக்கான் மலை வழியாக நடந்தே ஊர் போனார். யுத்தம் முடிந்ததும் திரும்பி வந்துவிட்டார். கையெழுத்துப் போடுவதற்கு மேல் அவருக்கு எழுத்து வராது. ஆனால் சங்கிலியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே எத்தனையாவது அடி என்று சொல்லுவார். அந்தச் சங்கிலியில் ஓரடிக்கு ஒன்றாக 100 வளையங்கள். பத்து அடிக்கு ஒருமுறை ஒரு பித்தளை வில்லை தொங்கும். 10-ல் தொங்கும் வில்லைக்கு ஒரு பல், 20-க்கு இரண்டு, 30-க்கு மூன்று, 40-க்கு நான்கு. நடுவில் 50-க்கு வட்டமான வில்லை. அதற்கப்பால் மறுபடியும் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கும். எந்த முனையிலிருந்தும் அளக்கலாம் என்பதற்காக இப்படிச் செய்திருக்கிறார்கள். அதில் ஒரு பொறியும் இருக்கிறது. 40-க்கும் 60-க்கும் ஒரே வில்லை. வட்ட வில்லையைத் தாண்டினோமா இல்லையா என்று கவனிக்காதவன் 60-ஐ 40 என்று படிப்பான்.

நான் படித்தேன். டல்ஹௌசி தெருவிலிருந்து ஃப்ரேசர் தெரு வரைக்கும் (இன்றைய மகா பந்துலா சாலை, அனவ்ரத்தா சாலை) லத்தா தெரு ஓரமாக அளந்தபோது, முழுச் சங்கிலிகள் போக மிச்சம் 40 என்று கத்தினேன். தாத்தா தலையாட்டினார். மச்சான் சிலேட்டில் எழுதினான். பிறகு 20-ஆம் தெரு வழியாகவும் அதே தூரத்தை அளந்தோம். சாயங்காலம் வீட்டுத் தரையில் கரிக்கட்டியால் அந்தக் கட்டத்தை வரையச் சொன்னார். எதிரெதிர்ப் பக்கங்களில் இருபதடி இடித்தது. கட்டம் மூடவில்லை. நான் அழுதேன். காலையில் நான் தப்பாகப் படித்த அந்த நிமிடமே அவருக்குத் தெரியும் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் உறைத்தது. நாள் முழுவதும் அந்தத் தப்பைச் சுமந்து நடக்க விட்டிருக்கிறார்.

பிறகு நாங்கள் 1964-ல் கப்பல் ஏறினோம். கடைகள் அரசுடைமையாகி, 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த வருடம். ஏறக்குறைய மூன்று லட்சம் இந்தியர்கள் அந்த ஆண்டுகளில் வெளியேறியதாகச் சொல்வார்கள். அதில் நாங்கள் ஐந்து பேர். அத்தை வர மறுத்துவிட்டார். மச்சான் அவரோடு தங்கினான். தாத்தா அதற்கு முந்திய வருடமே காலமாகியிருந்தார். சங்கிலியும் அங்கேயே தங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் நான் சிவில் எஞ்சினியரிங் படித்த கல்லூரியில் சங்கிலி அளவைக்கென்று தனிப் பாடம் உண்டு. ஆசிரியர் கரும்பலகையில் பிழைகளை இரண்டாகப் பிரித்து எழுதிப்போட்டார். ஒன்றையொன்று சரிக்கட்டும் பிழைகள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் பிழைகள். நாங்கள் மனப்பாடம் செய்தோம். நான் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன். வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பருவம் முழுவதும் சங்கிலியைக் கையால் தொடவே இல்லை. களப்பயிற்சிக் குறிப்பேட்டை முந்திய வருடத்துப் பையன்களுடையதைப் பார்த்து நிரப்பினார்கள். இதைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. பிற்பாடு சிங்கப்பூரில் நானே ஆசிரியரானபோது முதல் இருபது வருடம் நானும் அதே மாதிரிதான் பாடம் நடத்தினேன், இன்னும் சுத்தமான கையெழுத்தில்.

எஞ்சினியரிங் கல்வியில் புதுமை என்று இன்று எதைச் சொன்னாலும் அது அமெரிக்காவிலிருந்தோ ஸ்வீடனிலிருந்தோ வந்ததாக நினைக்கிறோம். எங்கள் பக்கத்துக் கதையை எடுத்துப் பார்த்தால் அது 1794-ல் சென்னையில் ஆரம்பிக்கிறது. மைக்கேல் டாப்பிங் என்ற நில அளவையாளர் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில் எட்டு மாணவர்களை வைத்து ஓர் அளவைப் பள்ளியைத் தொடங்கினார். கிண்டி பொறியியல் கல்லூரி அதன் வாரிசு. இதே 1794-ல்தான் பாரீசில் எகோல் பாலிடெக்னிக் தொடங்கியது. அங்கே காஸ்பர் மாஞ்ச் போன்ற கணித மேதைகள் வகுப்பெடுத்தார்கள். முதலில் கணிதம், பிறகு கட்டுமானம் என்பது பாரீசின் வழி. சென்னையில் முதலிலிருந்தே சங்கிலி. இந்த இரண்டு வழிக்கும் நடுவில்தான் இருநூறு வருடமாக எஞ்சினியரிங் கல்வி ஊசலாடிக்கொண்டிருக்கிறது.

டாப்பிங் தன் பையன்களை எங்கிருந்து எடுத்தார் என்பதுதான் எனக்குச் சுவையான விஷயம். எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதை இல்லத்திலிருந்து. ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள் அவர்கள். பலருக்குத் தாய் இந்த மண்ணின் பெண். அந்த இல்லத்தை 1789 முதல் நடத்திக்கொண்டிருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் காலை குதிரைச் சவாரி போகும்போது, 'மலபார்' பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படிப்பதை அவர் பார்த்தார். அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்கள் தமிழரைத்தான் மலபார் என்று எழுதுவார்கள். அவர் பார்த்தது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம். வீட்டுக்கு வந்து தன் இல்லத்திலும் மணல் பரப்பச் சொன்னார். சம்பளத்துக்கு இருந்த உபாத்தியாயர்களுக்கு அது பிடிக்கவில்லை. பெல் அவர்களோடு மல்லுக்கட்டவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். வகுப்பு நன்றாக நடந்தது. பிறகு இல்லம் முழுவதையுமே பையன்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி மாற்றிவிட்டார். 1796-ல் ஊர் திரும்பி, அடுத்த வருடம் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுப்போன பணத்தில் கட்டிய பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.

மணலைக் கண்ட இடத்தைப் பெல் ஒளிக்கவில்லை. ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பதைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பாகவே வைத்துக்கொண்டார். திண்ணையில் படித்த எந்தக் கிழவரைக் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார். சட்டாம்பிள்ளை இல்லாத திண்ணைப் பள்ளி எங்கே இருந்தது? 1623-ல் கர்நாடகத்து இக்கேரியில் கோயில் தாழ்வாரத்தில் நான்கு பையன்கள் மணலில் எழுதி, ராகம் போட்டுக் கணக்குச் சொல்லி, ஒருவருக்கொருவர் திருத்திக்கொண்டிருந்ததை இத்தாலியப் பயணி பியேத்ரோ தெல்லா வாலே எழுதிவைத்திருக்கிறார். அந்த இடத்தில் வாத்தியாரே இல்லை.

திண்ணையை நான் சொர்க்கமாக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அங்கே பிரம்பு இருந்தது, கோதண்டம் இருந்தது, எந்தப் பிள்ளை ஏறலாம் எந்தப் பிள்ளை ஏறக்கூடாது என்ற கணக்கும் இருந்தது. ஆனாலும் அங்கே சொல்லிக்கொடுத்த கணிதம் கையோடு ஒட்டியது. எண்சுவடியில் நெல்லிலக்கம் இருக்கும், கீழ்வாயிலக்கம் என்று முந்திரி, மாகாணி, அரைக்கால் என்ற பின்னங்கள் இருக்கும், குழிமாற்று இருக்கும். குழிமாற்று தெரிந்த பையன் வயலின் நீள அகலத்தைக் கேட்டதும் பரப்பைச் சொல்லிவிடுவான். ஒரு நில அளவையாளனுக்கு வேண்டியதில் பாதி அது. டாப்பிங்கின் பள்ளியும் குழிமாற்றுப் பையனும் ஒரே நகரத்தில், ஓரிரு மைல் தூரத்தில் இருந்தும், ஒன்றையொன்று சந்திக்கவில்லை. திண்ணையின் முறை மட்டும் எழும்பூர் வழியாகக் கோட்டைக்குள் போனது. திண்ணைப் பையன் வெளியிலேயே நின்றான். பிற்காலத்தில் அவன் உள்ளே வந்தபோது பெரும்பாலும் சங்கிலி பிடிக்கத்தான் வந்தான்.

என் தாத்தா அந்த வரிசையில் வருகிறவர்.

ரங்கூனுக்கு வருகிறேன். 1852 யுத்தத்தில் இங்கிலீஷ்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். மதராஸ் படையின் சிப்பாய்களும் அதில் வந்தார்கள். ஆற்றோரச் சேற்று நிலத்தை மேடாக்கி ஒரு நகரம் வரையப்பட்டது. அதன் முதல் யோசனையைச் சொன்னவர் எஞ்சினியர் அல்ல, வில்லியம் மாண்ட்கமரி என்ற மருத்துவர். சிங்கப்பூர்க்காரனான எனக்கு அவர் கொஞ்சம் வேண்டியவர். அங்கே வேலை பார்த்தபோது கட்டாப்பெர்ச்சா மரப்பாலை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவர். கடலுக்கடியில் போன தந்திக் கம்பிகளுக்கு உறை அதுதான். அவருடைய திட்டத்தை வாங்கித் திருத்தி முடித்தவர் வங்காள எஞ்சினியர் படையின் அலெக்சாண்டர் ஃப்ரேசர்.

அந்தத் திட்டத்தில் ஒரு தாளம் இருக்கிறது. லத்தா பேட்டையில் நின்றால் காலாலேயே எண்ணலாம். லன்மடா சாலை 100 அடி. அடுத்து 17, 18-ஆம் தெருக்கள், தலைக்கு 30 அடி. பிறகு சின் ஓ டான் தெரு 50 அடி. மறுபடி 19, 20-ஆம் தெருக்கள் 30 அடி. அடுத்தது லத்தா தெரு, 100 அடி. அங்கிருந்து மறுபடியும் அதே தாளம். அகலத் தெருக்களுக்குப் பெயர், குறுகல் தெருக்களுக்கு எண். இவ்வளவு சுலபமாகப் படிக்கக்கூடிய நகரம் ஆசியாவில் அப்போது அதிகமில்லை. லத்தா என்ற பெயரே பழைய வரைபடங்களில் 'லாட்டர் தெரு' என்றுதான் இருக்கும். பர்மிய மொழிக்கு 1845-ல் இலக்கணம் எழுதிய தாமஸ் லாட்டர் என்ற கேப்டனின் பெயர். இலக்கணக்காரன் பெயரில் இருந்த தெருவில்தான் தாத்தா எங்களுக்குக் கட்டம் மூடக் கற்றுக்கொடுத்தார் என்பது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

லத்தா பேட்டையின் வடக்கு ஓரத்தில் பொது மருத்துவமனை இருக்கிறது. செங்கல்லும் மஞ்சளுமாக, கோபுரங்களோடு 1911-ல் எழுந்த கட்டடம். பர்மாவின் எஞ்சினியரிங் கல்வி அதன் வளாகத்தில்தான் பிறந்தது. ரங்கூன் பல்கலைக்கழகம் 1920-ல் தொடங்கியது. 1924-ல் எஞ்சினியரிங் துறை ஆரம்பித்தபோது சொந்தக் கட்டடம் இல்லாமல் மருத்துவமனை வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். 1927-ல் பர்மா ஆயில் கம்பெனியின் நன்கொடையால் அது பி.ஓ.சி. எஞ்சினியரிங் சுரங்கக் கல்லூரி ஆனது. எண்ணெய்க் கம்பெனிக்குப் படித்த எஞ்சினியர்கள் வேண்டும். சிரியம் சுத்திகரிப்பாலையில் உழைத்துக்கொண்டிருந்த தமிழ், தெலுங்குக் கூலிகளைப் பற்றிய கவலை அந்த நன்கொடையில் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு ரேக்லன் ஸ்குவையர் என்ற பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் 1950-களில் புதிய எஞ்சினியரிங் கல்லூரியைக் கட்டினார். அதன் கூட்ட அரங்கை ஆமை என்பார்கள், அப்படி ஓர் ஓடு. கல்லூரி அங்கே நிலைக்கவில்லை. 1961-ல் சோவியத் நாட்டின் உதவியில் ஜோகோனில் எழுந்த வளாகத்துக்குப் போயிற்று. ஸ்குவையரின் கட்டடம் மருத்துவப் படிப்புக்குப் போயிற்று. ஆஸ்பத்திரியில் பிறந்த கல்லூரி, வைத்தியர்களுக்கு ஒரு கட்டடமாகக் கடனைத் தீர்த்துவிட்டது என்று மச்சான் சொல்லுவான்.

ரஷ்யர்கள் வந்து கட்டினார்கள் என்பதில் இன்னொரு பழைய நூல் இருக்கிறது. பட்டறைப் பயிற்சிக்கு முறையான பாடத்திட்டம் வகுத்த முதல் ஆட்களில் ஒருவர் மாஸ்கோ தொழில்நுட்பப் பள்ளியின் விக்தர் தெல்லா-வாஸ். 1868 வாக்கில், ஒரு தொழிலைத் துண்டு துண்டாகப் பிரித்து, சுலபத்திலிருந்து கடினத்துக்கு, அரத்தில் தேய்ப்பது, கடைவது, பூட்டுவது என்று வரிசைப்படுத்தினார். 1876-ல் பிலடெல்பியா கண்காட்சியில் அந்த மாதிரித் துண்டுகளைப் பார்த்து எம்.ஐ.டி.யின் தலைவர் ஜான் ரன்கிள் அசந்துபோய், தன் நிறுவனத்தில் உடனே பட்டறை ஏற்படுத்தினார். அதே அமெரிக்கா இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பட்டறையைக் குறைத்துச் சமன்பாடுகளைக் கூட்டியது. 2000-ல் எம்.ஐ.டி.யும் மூன்று ஸ்வீடன் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, மாணவன் ஒரு பொருளைக் கருதி, வடிவமைத்து, செய்து, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தன. சி.டி.ஐ.ஓ. என்பார்கள். ஊசல் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த ஊசல் என் தலையில் வந்து இடித்தது அதே காலத்தில். சிங்கப்பூரில் அப்போது பாலிடெக்னிக்குகள் எல்லாம் மாறிக்கொண்டிருந்தன. 2002-ல் தொடங்கிய ரிபப்ளிக் பாலிடெக்னிக் ஒரு நாளுக்கு ஒரு பிரச்சினை என்பதையே பாடமுறையாக வைத்தது. காலையில் சிக்கலைக் கொடுப்பார்கள்; மாணவர்கள் குழுவாகத் தேடி மாலையில் விடை சொல்ல வேண்டும். இந்த முறையின் வேர் மருத்துவக் கல்வி. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969-ல் மருத்துவ மாணவர்களுக்கு விரிவுரைக்குப் பதிலாக நோயாளியின் கதையைக் கொடுத்துத் தொடங்கியது. மறுபடியும் ஆஸ்பத்திரி!

நான் வேலை பார்த்த இடம் வேறு, அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கேயும் இதை எங்கள் பாடத்தில் புகுத்தச் சொன்னார்கள். இரண்டு நாள் பயிலரங்கு நடத்தினார்கள். எனக்கு எரிச்சல். ஐம்பது வயதில் எனக்குப் பாடம் நடத்தச் சொல்லித்தருகிறார்களா? இரண்டாம் நாள் மத்தியானம், பேசிக்கொண்டிருந்த பெண், "மாணவர் தவறான பாதையில் போவது தெரிந்தாலும் உடனே திருத்தாதீர்கள்" என்றார். எனக்கு வீட்டுத் தரையும் கரிக்கட்டியும் மூடாத கட்டமும் ஞாபகம் வந்தது. அதன்பிறகு அந்த முறையை நம்பினேன்.

நம்பி, கெடுத்தேன். மாணவர்களுக்குச் சிக்கல்களை அச்சடித்துக் கொடுத்தோம். ஒவ்வொரு சிக்கலுக்கும் வழிகாட்டித் தாள், தாளில் காலியிடங்கள், காலியிடத்துக்கு மதிப்பெண். இரண்டே வருடத்தில் மாணவர்கள் போன வருடத்துத் தாளை வாங்கிக்கொண்டு வந்தார்கள். பழைய களப்பயிற்சிக் குறிப்பேடு புதுச் சட்டை போட்டுத் திரும்பி வந்திருந்தது. அந்த முறை நடப்பதற்கு, விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கூடவே நடக்கிற ஆள் வேண்டும். எங்களிடம் ஒருவருக்கு எண்பது மாணவர்கள். நான் ஓய்வுபெறும்வரை தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

2019 டிசம்பரில் ரங்கூன் போனேன். 55 வருடம் கழித்து. மச்சான் 19-ஆம் தெருவில்தான் இருக்கிறான். தெரு இப்போது சாயங்காலமானால் கரியடுப்பும் மீன் வாடையுமாக வெளிநாட்டுக்காரர்களால் நிரம்பிவிடுகிறது. பகலில் பழைய தெருதான். மாடிகளிலிருந்து கயிறுகள் தொங்குகின்றன. கயிற்றின் நுனியில் கிளிப், அதில் பேப்பர்காரன் பேப்பரை மாட்டிவிட்டு இழுப்பான். கீழ்த்தளத்தில் மச்சானின் கடை. மோட்டார் காயில் கட்டும் கடை. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் ஏற்ற ஒரு பம்பு. மின்சாரம் போய் வந்து போய் வந்து அவை எரிந்துகொண்டே இருக்கும். அவனுக்கு வேலைக்குக் குறைவில்லை.

எங்கள் இரண்டு பேரில் கெட்டிக்காரன் அவன்தான். திண்டைக் கண்டுபிடித்தவன். பத்தாவதில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினான். ஆனால் கையில் இருந்தது எஃப்.ஆர்.சி., அயல்நாட்டவர் பதிவு அட்டை. பர்மாவில் பிறந்த அயல்நாட்டவன். அந்த அட்டையோடு எஞ்சினியரிங் படிப்புக்கு விண்ணப்பத்தாள்கூடக் கிடைக்கவில்லை. 1982-ல் வந்த குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்று தரமாகப் பிரித்தது. அவன் பிள்ளைகளின் கதவுகளும் அதோடு ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. இதை அவன் ஒரு டம்ளர் தேநீர் குடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டு, "மொஹிங்கா சாப்பிட்டியா இல்லியா?" என்று கேட்டான்.

கடையில் மூன்று பையன்கள். ஒரு தமிழ்ப் பையன், ஒரு பர்மியப் பையன், ஒரு சீனப் பையன். எல்லோரும் அவனைச் சயா என்கிறார்கள், வாத்தியார் என்று அர்த்தம். எரிந்த மோட்டார் வந்ததும் முதலில் அதைத் தொடவே விடமாட்டான். வரையச் சொல்வான். ஸ்டேட்டரில் எத்தனை ஸ்லாட், எந்த ஸ்லாட்டிலிருந்து கிளம்பிய கம்பி எந்த ஸ்லாட்டில் இறங்குகிறது, ரன்னிங் எது, ஸ்டார்ட்டிங் எது. பிறகு எரிந்த காயிலை வெட்டி எடுத்து, கருகிய கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணச் சொல்வான். கம்பியின் தடிமனை அளக்கச் சொல்வான். புதுப்பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது பழைய பையன். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பான். நான் அவனிடம் பெல்லைப் பற்றியும், ஃப்ரிஸ்கனைப் பற்றியும், மெக்மாஸ்டரைப் பற்றியும் சொன்னேன். கவனமாகக் கேட்டான்.

"நீ சொல்றவங்கெல்லாம் பசங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்களா?" என்றான்.

இல்லை என்றேன்.

"நான் குடுக்குறேன். எண்ணுறது தப்பாப் போச்சுன்னா கம்பி வீண், வார்னிஷ் வீண், ரெண்டு நாள் வீண். அது என் காசு. அதனாலதான் அவன் தப்புப் பண்றப்ப எனக்குப் பேசாம இருக்குறது கஷ்டம். உனக்கென்ன, தாள்தானே?"

எனக்குப் பதில் வரவில்லை. எண்பது மாணவர்கள், நேரமில்லை என்றெல்லாம் பல வருடமாக வைத்திருந்த காரணங்கள் அந்தக் கடையில் எடுபடாது.

சங்கிலியைக் கேட்டேன். பரணிலிருந்து இறக்கினான். துருவேறி, பல வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நான்கு பல் வில்லைகளில் ஒன்று காணவில்லை. எந்தப் பக்கத்தது என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாதாடினோம். எந்த முனை முதல் முனை என்று முடிவாகாமல் அதை முடிவு செய்ய முடியாது என்று தெரிந்து சிரித்தோம்.

அன்று சாயங்காலம் சீனப் பையன் ஒரு பம்பு மோட்டாரின் ரன்னிங் காயிலை எண்ணிக்கொண்டிருந்தான். நடுவில் யாரோ பம்பை எடுத்துக்கொண்டு வந்து நிற்க, அவன் எழுந்து பேசிவிட்டு உட்கார்ந்து தொடர்ந்தான். விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை என்று எனக்குச் சந்தேகம். மச்சானைப் பார்த்தேன். அவனும் பார்த்திருந்தான். பையன் ஓர் எண்ணைத் தாளில் எழுதினான். சுற்று குறைந்தால் மோட்டார் ஓடும், ஆனால் அதிக மின்சாரம் இழுத்துச் சூடேறும், மறுபடி எரியும். நான் வாயைத் திறக்கப் போனேன். மச்சான் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினான்.

மின்சாரம் போயிற்று. தெருவில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. பையன் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்தபடி புதுக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தான்.

"நாளைக்கு மத்தியானம் ஓட்டிப் பார்ப்பான். இருந்து பாத்துட்டுப் போ" என்றான் மச்சான்.

எனக்கு மறுநாள் காலையில் விமானம்.